இரைச்சலுக்குள் தவறாத துடிப்பு

அன்பான தம்பி, தங்கைகளே,

ஹனோவரில் நம் அம்மம்மா, அப்பப்பாமார் சிலருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறது. இதயம் பிந்தும்போது அது மின்துடிப்பு கொடுக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் பதில் சொல்லுமா?

1981இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் குவேரா, கிளாஸ், ஷ்ரியர் ஆகியோர், கோழிக்குஞ்சுக் கருவின் இதயக் கலங்களுக்குச் சீரான இடைவெளியில் மின்துடிப்பு கொடுத்த ஆய்வை வெளியிட்டார்கள். இடைவெளியை மாற்றியபோது, சில வேளை கலங்கள் அதோடு ஒத்துத் துடித்தன. சில வேளை ஒழுங்கே இருக்கவில்லை.

உயிருள்ள கலத்தில் எப்போதும் மின் இரைச்சல் உண்டு. அது காதுக்குக் கேட்பதல்ல. முன்கூட்டிச் சொல்ல முடியாத சிறு ஏற்ற இறக்கம். மின்துடிப்புக்குப் போதிய பலம் இருந்தால் அதனால் ஒன்றும் ஆகாது. பலம் விளிம்பில் இருந்தால்தான் ஆபத்து: ஒரு துடிப்புக்கு இதயம் சுருங்கும், அடுத்ததற்குச் சும்மா இருக்கும்.

அதனால்தான் இதயம் பதில் தரும் மிகக் குறைந்த மின்னழுத்தத்தை அளந்து, வழக்கமாக அதன் இரண்டு மடங்கை வைப்பார்கள்: 0.75 வோல்ட் போதுமென்றால் 1.5 வோல்ட். தூக்கம், சில மருந்துகள், இரத்தத்தின் பொட்டாசியம் ஆகியவற்றால் அந்த அளவு மாறும். ஆகவே பரிசோதனை நாளைத் தவறவிடக் கூடாது.

மொழிபெயர்க்கக் கூடப் போகும்போது பேஸ்மேக்கர் அட்டையை எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் “ஒன்றுமில்லை” என்பார்கள். வீட்டில் தலைச்சுற்று இருந்ததை நீங்கள் டொக்டரிடம் சொல்லுங்கள். மயங்கி விழுந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே 112.

அடுத்த இதழில் சந்திப்போம்.

உங்கள் தாதி அக்கா