வாசலில் மூன்று படி



கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை, வாலிபர் ஐக்கியத்திலிருந்து ஆறு பேர், நம் சபையின் ஓர் அக்காவைக் கூட்டிக்கொண்டு மகா பண்டுலா பூங்காவுக்குப் போனோம். அக்கா முதுகுத்தண்டில் அடிபட்டு, நான்கு வருஷமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறவர். வீடு இரண்டாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. காய்கறி, பேப்பர் எல்லாம் மாடியிலிருந்து தொங்கும் கயிற்றில் ஏறிவிடும். அக்காவை இறக்கத்தான் நாலு பேர் வேண்டும். அதனால் ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் அவர் போவதில்லை.

பூங்கா நமக்குத் தெரிந்த இடம்தான். வெள்ளைக்காரர் காலத்தில் அது ஃபிட்ச் சதுக்கம். விக்டோரியா மகாராணியின் சிலை நின்றது. பிறகு, 1825-இல் தனுபியூ போரில் விழுந்த தளபதி மகா பண்டுலாவின் பெயர் வந்தது. 1948-இல் கிடைத்த விடுதலையின் நினைவுத்தூண் இப்போது நடுவில் நிற்கிறது. சுற்றிலும் சூலே பகோடா, நகர மண்டபம், பழைய உயர்நீதிமன்றம், போரில் அழிந்து 1952-இல் மறுபடி கட்டப்பட்ட இம்மானுவேல் பாப்டிஸ்ட் ஆலயம்.

நாற்காலியை மடித்து டாக்ஸியின் டிக்கியில் வைத்துக் கொண்டுபோனோம். இறங்கின இடத்திலிருந்து பூங்கா கொஞ்ச தூரம்தான். அந்தக் கொஞ்ச தூரம்தான் பெரும்பாடு. முழங்கால் உயரத்துக்கு நடைபாதை, ஆடும் சாக்கடை மூடிகள், டீக்கடை முக்காலிகள். இரண்டு இடத்தில் நாற்காலியோடு தூக்கினோம்.

உள்ளே பாதை சமமாக இருந்தது. தள்ளப் போன தம்பியை அக்கா கையமர்த்தினார். "விடுப்பா, நானே போறேன்." சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு நினைவுத்தூணை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நாங்கள் பின்னால் நடந்தோம்.

தண்ணீர் கொடுத்தபோது வேண்டாம் என்றார். வற்புறுத்திக் கேட்ட பிறகு மெதுவாகச் சொன்னார்: "காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்கலம்மா. குடிச்சா எங்க போறது?"

செவிலியர் வேலை பார்த்தும் இதை முன்கூட்டியே யோசிக்கவில்லையே என்று வெட்கப்பட்டோம். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். தண்ணீரைக் குறைத்தால் ஆபத்து கூடும். ஆகவே யாரையாவது வெளியே கூட்டிப் போகுமுன், நாற்காலி நுழையும் கழிவறை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து வையுங்கள். இன்னும் சில:

கேட்காமல் நாற்காலியைத் தள்ளாதீர்கள். நிறுத்தினதும் பிரேக் போடுங்கள். சரிவில் இறங்கும்போது நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி இறக்குங்கள். தூக்க நேர்ந்தால் கைப்பிடியைப் பிடிக்காமல் சட்டத்தைப் பிடியுங்கள். கைப்பிடி கழன்று வந்துவிடலாம். அரை மணிக்கு ஒரு தடவையாவது உடம்பின் பாரத்தை மாற்றி உட்கார நினைவூட்டுங்கள். இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். பேசும்போது குனிந்தோ உட்கார்ந்தோ முகம் பார்த்துப் பேசுங்கள்.

திரும்பும்போது அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தூக்கிட்டு வந்தீங்க, ரொம்ப நன்றி. ஆனா பூங்காவுக்குள்ள ஒரு மணி நேரம் என்னை யாருமே தூக்கல பாருங்க, அதுதான் எனக்கு சந்தோஷம்."

திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கின நாலு பேரை நாம் எத்தனை தடவை பாராட்டியிருக்கிறோம்! வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர்களைப் பற்றிப் பேசினதுண்டா?

மியான்மர் 2011-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையில் சேர்ந்தது, 2015-இல் சட்டமும் வந்தது. ஆனால் நம் ஆலய வாசலுக்கு அரசாங்கம் வந்து சரிவு கட்டப்போவதில்லை. டேப் வைத்து அளந்தோம். மூன்று படி, ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், ஆக மொத்தம் பதினெட்டு அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது கணக்கு. பதினெட்டு அடிச் சரிவு வேண்டும். பக்கவாட்டில் சுவரையொட்டி அவ்வளவு இடம் இருக்கிறது.

அடுத்த சபைக் கமிட்டிக்கு வரைபடத்தோடு போகிறோம். ஈஸ்டர் ஆராதனைக்கு அக்கா தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு உள்ளே வரவேண்டும். சிமெண்ட் குழைக்கத் தெரிந்த தம்பிகள் பெயர் கொடுங்கள்.