அன்டைட்டில்டு 14

லேப்டாப்பில் பீட் போடும் நம்ம ஹாஸ்டல் மக்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். லேப் ரெக்கார்டை 'நியூ டாக்குமென்ட் 3' என்று சேவ் பண்ணிவிட்டு வைவா அன்றைக்குத் தேடியவர்கள் யாராக இருந்தாலும் இது அவர்களுக்கும்தான்.

எனக்கு ஊர் அம்பாசமுத்திரம். ஆற்றைத் தாண்டினால் கல்லிடைக்குறிச்சி; ஆச்சி வீடு அங்கேதான். அப்பளத்துக்குப் பேர் போன ஊர் அது. விற்கிற அப்பளம் எப்படி வந்தாலும், வீட்டுக்கு வேண்டியதை ஆச்சி தானே உரலில் இடித்துத்தான் போடுவாள். ரெண்டாம் வருஷ லீவில் அந்தச் சத்தத்தை ஃபோனில் எடுத்தேன். உளுந்து மாவில் உலக்கைப் பூண் விழும்போது ஒரு 'தொம்' வரும் பாருங்க, எந்த சாம்பிள் பேக்கிலும் அப்படி ஒரு கிக் கிடைக்காது. அதை லூப் பண்ணி, மேலே ஒரு சின்த் போட்டு, பாதி ட்ராக் முடித்தேன். செமஸ்டர் வந்தது. மூடி வைத்துவிட்டேன்.

போன ஐப்பசியில் ஆச்சி தவறிவிட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த ராத்திரி அம்மா கேட்டாள்: "ஏல, அன்னைக்கு ஆச்சி மாவு இடிக்கத எடுத்தேல்லா, அதுல அவ பேசினதும் இருக்கும்லா? போடு, கேப்போம்."

போட முடியவில்லை. எஃப்.எல். ஸ்டுடியோவில் பெயர் கொடுக்காவிட்டால் எல்லாமே 'அன்டைட்டில்டு'தான். என் ஃபோல்டரில் அது 63 வரைக்கும் போயிருந்தது. நடுநடுவே 'நியூ பீட்', 'நியூ பீட் பைனல்', 'பைனல் பைனல்'. ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டுக்கொண்டே வந்தேன். அம்மா கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கிடைச்சா சொல்லு" என்று எழுந்து போய்விட்டாள். மறுநாள் மத்தியானம்தான் கிடைத்தது. அன்டைட்டில்டு 14.

அதுவரைக்கும் தலைப்பு என்றால் அப்லோடு பண்ணுகிற அன்றைக்கு யோசிக்கிற விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது என் கருத்து வேறு. ஒரு ட்ராக்கின் தலைப்பு, அந்தச் சத்தம் எங்கிருந்து வந்ததோ அங்கே திரும்பிப் போக வழி காட்ட வேண்டும். நமக்கும் காட்ட வேண்டும், அந்த இடத்தில் நம்மோடு இருந்தவர்களுக்கும் காட்ட வேண்டும்.

நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கு. நம்ம பக்கம் பாட்டுக்குப் பெயர் வைக்கும் வேலையே கிடையாது. கீர்த்தனை என்றாலும் சரி, சினிமாப் பாட்டு என்றாலும் சரி, பல்லவியின் முதல் சொற்கள்தான் பெயர். வரியே இல்லாத ட்ராக்கை என்ன சொல்லிக் கூப்பிடுவது? சினிமாவில் 'தீம் மியூசிக்' என்று தப்பித்துவிடுவார்கள். இளையராஜாவே 1986-இல் பாட்டில்லாத ஆல்பம் ஒன்று போட்டபோது, அதற்கு எப்படிப் பெயர் வைப்பது என்ற கேள்வியையே பெயராக வைத்தார்: 'ஹவ் டு நேம் இட்?' உள்ளே ஒரு டிராக்கின் பெயர் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. பாக் 1750-இலேயே இறந்துபோனவர். அவரை என் வீட்டில் சந்தித்தேன் என்கிறார். அந்தத் தலைப்பைப் படித்துவிட்டுக் கேட்டால், யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது காதிலேயே தெரியும்.

எலக்ட்ரானிக் பக்கம் வருவோம். மும்பையில் சரண்ஜித் சிங் என்று ஒரு இசைக்கலைஞர். ரோலண்ட் கம்பெனியின் டி.பி.-303, டி.ஆர்.-808 மெஷின்களை வைத்து 1982-இல் ஒரு ரெக்கார்டு போட்டார். பெயர் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. என்ன கருவி, என்ன ராகம், என்ன தாளம், எத்தனை டிராக் என்று எல்லாம் தலைப்பிலேயே இருக்கு. உள்ளே லலித், யமன், கலாவதி என்று ராகத்தின் பெயரே டிராக்கின் பெயர். அன்றைக்கு அது பெரிதாக ஓடவில்லை. 2010-இல் மறுபடி வெளிவந்தபோதுதான் உலகமே திரும்பிப் பார்த்தது.

அதே 303 மெஷின் சிகாகோவில் வேறு கதை எழுதியது. ஃப்யூச்சர் என்ற குழு செய்த ஒரு ட்ராக்கை, ரிலீஸ் ஆவதற்கு முன்பே டிஜே ரான் ஹார்டி தன் கிளப்பில் போட்டார். அது என்னவென்று தெரியாமல் ஆடியவர்கள் 'ரான் ஹார்டியின் ஆசிட் ட்ராக்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். 1987-இல் 'ஆசிட் ட்ராக்ஸ்' என்ற பெயரிலேயே வெளிவந்தது. 'ஆசிட் ஹவுஸ்' என்று ஒரு இசை வகைக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"அப்போ பெயரே வைக்காம விட்டா என்ன? கேக்கிறவன் வச்சுக்கட்டும்" என்று என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. ஏஃபெக்ஸ் ட்வின் அப்படித்தான் செய்தார். 1994-இல் வந்த அவருடைய 'செலக்டட் ஆம்பியன்ட் வொர்க்ஸ் வால்யூம் 2' ஆல்பத்தில் ஒன்றே ஒன்றைத் தவிர எந்த டிராக்குக்கும் தலைப்பு கிடையாது, படங்கள்தான். ஆனால் பெயரில்லாமல் மனுஷனால் இருக்க முடியவில்லை. ரசிகர்கள் அந்தப் படங்களைப் பார்த்து 'ருபார்ப்' போன்ற பெயர்களை வைத்தார்கள். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால்தான் எந்த ட்ராக் என்றே புரியும்.

இது நமக்கு ஒன்றும் புதுசு இல்லை. குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டை எழுதியவரின் பெயர் யாருக்கும் தெரியாது. தொகுத்தவர்கள் அவர் பாட்டுக்குள் இருந்தே ஒரு தொடரை எடுத்து, 'செம்புலப் பெயல்நீரார்' என்று அவருக்கே பெயராக வைத்துவிட்டார்கள். பெயரில்லாமல் வந்ததை, அதற்குள்ளேயே தேடி எடுத்த பெயரால் கூப்பிட்டார்கள்.

ஆக, பெயரை நாம் வைத்தாலும் சரி, கேட்கிறவர் வைத்தாலும் சரி, அது சத்தத்துக்கு உள்ளே இருந்தோ சுற்றியிருப்பதில் இருந்தோ வந்திருக்க வேண்டும். நாம் என்ன பண்றோம்? 'மிட்நைட்', 'சன்ரைஸ்', 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்'. எந்த ஆப்பிலும் 'சன்ரைஸ்' என்று தேடிப் பாருங்கள், ஸ்க்ரோல் முடியாது. அதில் உங்கள் ட்ராக் எங்கே இருக்கிறது என்று உங்கள் அம்மாவுக்கே தெரியாது.

"அப்போ தமிழ்ல, நம்ம ஊர்ப் பேரா வச்சா சரியாப் போச்சு" என்று நினைக்க வேண்டாம். அந்தத் தப்பையும் நான் செய்திருக்கேன். முதல் வருஷம் 'பொருநை' என்று ஒரு ட்ராக் அப்லோடு பண்ணினேன். நல்ல லைக்ஸ். சேரன்மகாதேவியில் இருந்து வருகிற ஒரு சீனியர் அண்ணன் ஹெட்போனில் கேட்டுவிட்டு, "தண்ணி சத்தம் நல்லாருக்குல. எந்தப் படித்துறைல எடுத்த?" என்றார். என்னிடம் பதில் இல்லை. எங்கேயோ ஓடுகிற ஏதோ ஒரு தண்ணீர், சாம்பிள் பேக்கில் இலவசமாகக் கிடைத்தது. வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஆறு ஓடுகிறது, நான் அதில் மைக் வைக்கவே இல்லை. தாமிரபரணிக்கு உள்ள பழைய பெயரை எடுத்து, தாமிரபரணி இல்லாத ட்ராக்கில் ஒட்டியிருந்தேன். 'சன்ரைஸ்' என்று வைத்தவன் சோம்பேறி, அவ்வளவுதான். நான் பொய் சொல்லியிருக்கேன். அடுத்த நாளே பெயரை மாற்றினேன்.

சரி, என்னதான் பண்ணலாம்? நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். புது ப்ராஜெக்ட் திறந்ததும் முதல் சேவிலேயே ஒரு தற்காலிகப் பெயர்: இடம், மாதம், என்ன சத்தம். 'பாபநாசம் மே படித்துறை', 'மெஸ் தட்டு நவம்பர்' என்று, அழகே இல்லாமல். தேடினால் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். ட்ராக் முடிந்த பிறகு அதையே ரெண்டு பேருக்குப் போட்டுக் காட்டுவேன், பெயர் சொல்லாமல். அவர்கள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனிப்பேன். பாதி நேரம் நான் யோசித்ததைவிட அது நல்லா இருக்கும். எதுவும் அமையவில்லை என்றால் தற்காலிகப் பெயரே நிரந்தரம். 'மெஸ் தட்டு நவம்பர்' ஒன்றும் மோசமான தலைப்பு இல்லை.

'பைனல்' என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். எதுவும் பைனல் ஆனதில்லை.

அன்டைட்டில்டு 14-ஐ அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். சின்த்தை மியூட் பண்ணிவிட்டு, முதலில் எடுத்த ரெக்கார்டிங்கை மட்டும். 'தொம்', 'தொம்' என்று விழுந்துகொண்டே இருந்தது. நடுவில் உலக்கை நின்று, ஆச்சி குரல்: "ஏல, போன தூர வையி. மாவாயிரும்."

அம்மா சிரித்துவிட்டாள். அப்புறம் இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

ட்ராக்கை இந்த மாதம் முடித்துவிட்டேன். தலைப்பு 'மாவாயிரும்'. இப்போது ஃபோல்டரில் 'மாவா' என்று அடித்தாலே வந்துவிடுகிறது.