துறைமுகத்துக்குப் பூட்டு வாங்கியாயிற்று, காவலர் எங்கே?

விழிஞம் துறைமுகத்தைப் பற்றி எழுதுவோர் அதன் இயற்கை ஆழத்தையும், பன்னாட்டுக் கப்பல் வழித்தடத்துக்கு அது அருகில் அமைந்திருப்பதையும், தொலைவிலிருந்தே இயக்கப்படும் கிரேன்களையும் வியந்து எழுதுகின்றனர். 2024 டிசம்பரில் வணிகச் செயல்பாட்டைத் தொடங்கி, 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அத்துறைமுகம் பெருமைக்குரியதே. ஆயினும், திரையின் முன் அமர்ந்து கிரேனை இயக்கலாம் என்றால், அத்திரையைக் கைப்பற்றியவன் துறைமுகத்தை முடக்கவும் கூடும். ஒற்றசேகரமங்கலம், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துக் கல்விக்கூடங்கள் இதைப் பற்றி எப்போது பேசப் போகின்றன?

இது வெறும் அச்சுறுத்தல் என்று சொல்வோர் 2017 ஜூன் 27-ஐ நினைவுகூர வேண்டும். உக்ரைனைக் குறிவைத்து ஏவப்பட்ட நாட்பெட்யா என்னும் தீநிரல் மேர்ஸ்க் நிறுவனத்தின் கணினிகளை உலகெங்கும் செயலிழக்கச் செய்தது. மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய முனையமும் முடங்கியது. ஏறத்தாழ 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் அந்நிறுவனம் புதிதாக நிறுவ நேர்ந்தது. இழப்பை 20 முதல் 30 கோடி டாலர் என அதுவே மதிப்பிட்டது. 2023 ஜூலையில் ஜப்பானின் நகோயா துறைமுகத்துக் கன்டெய்னர் முனையங்கள் ரான்சம்வேரால் இரண்டு நாட்களுக்கு மேல் நின்றன. இவ்விரு நிகழ்வுகளிலும் கப்பல் உடையவில்லை, கிரேன் சாயவில்லை. எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்னும் தகவல் தொலைந்தது, அதுவே போதுமானதாயிற்று.

விதிகளுக்குக் குறைவில்லை. கப்பல் நிறுவனங்கள் தம் பாதுகாப்பு மேலாண்மையில் இணைய அபாயத்தையும் சேர்க்க வேண்டும் என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2017-இல் தீர்மானித்தது. 2021 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இணையத் தாக்குதலைக் கண்டறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இந்தியாவின் செர்ட்-இன் 2022-இல் ஆணையிட்டது. ஆனால் கண்டறிபவர் யார்? இரவுப் பணியில் இருக்கும் எழுத்தரும் கிரேன் இயக்குநருமே. திரையில் தோன்றிய மாற்றம் ஐயத்துக்குரியது என அவருக்குத் தெரியாதவரை, அந்த ஆறு மணி நேரக் கடிகாரம் ஓடத் தொடங்குவதே இல்லை.

‘நல்ல மென்பொருளை வாங்கினால் போதும்’ என்பது நிர்வாகத்தின் வாதம். ‘இது கணினித் துறையின் வேலை’ என்பது கல்வியாளரின் வாதம். இரண்டும் பொறுப்பைக் கைகழுவும் வாதங்களே. 2017 ஜூனில் கருங்கடலில் நோவோரோசிஸ்க் அருகே சென்ற கப்பல்களின் ஜி.பி.எஸ். கருவிகள், அவை கரையிலுள்ள விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. எந்த ஃபயர்வாலும் அப்பொய்யைத் தடுக்காது. கருவியை ஐயுற்று, ரேடாரையும் கண்முன் உள்ள கடலையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பயின்ற மாலுமியே தடுப்பார்.

மொழியியல் பயின்றவர்களுக்கும் இதில் பங்குண்டு. ஃபிஷிங் மின்னஞ்சல் முதலில் ஒரு மொழிச் செயல்: மேலதிகாரியின் குரலைப் போலி செய்கிறது, அவசரத்தை உண்டாக்குகிறது, கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவாக்குகிறது. இதை எதிர்கொள்ளும் பயிற்சி ஆங்கிலச் சறுக்குப்படங்களாகவே வந்தால் என்ன பயன்? விழிஞத்தில் மீனவக் குடும்பத்துப் பெண்கள் கிரேன் இயக்குகின்றனர். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் நிலம் இது. தவறான புரிதல் கப்பலை மூழ்கடிக்கும் என்று உணர்ந்தே, கடல்வழித் தொடர்புக்கான தரப்படுத்திய சொற்றொடர்களைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஏற்றது. அதே கவனம் இணைய எச்சரிக்கைக்கும் வேண்டும்: தொழிலாளி பேசும் மொழியில், குறுகிய தொடர்களில், தெரிவித்தவரையே குற்றவாளியாக்காத முறையில்.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. 2008-இல் நிறுவப்பட்டு, சென்னையைத் தலைமையிடமாகவும் கொச்சியை ஒரு வளாகமாகவும் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம், இவ்வட்டாரப் பொறியியல், மொழியியல் துறைகளோடு இணைந்து ஆய்வுத் திட்டம் வகுக்க வேண்டும். மாதிரித் துறைமுக ஆய்வகம் வேண்டும். ஆண்டுதோறும் தாக்குதல் ஒத்திகை வேண்டும். நேர்ந்த தாக்குதல்களை நிறுவனங்கள் மறைக்காமல் ஆய்வுக்குத் தர வேண்டும். நோயை மறைப்பவருக்கு மருந்து கிடைப்பதில்லை.

கலங்கரை விளக்கம் எவ்வளவு உயரமாயினும், அதில் விழித்திருக்க ஒருவர் வேண்டும். அவரை உருவாக்குவது கல்விக்கூடத்தின் கடமை.