குறி தவறியவர்கள்

யுத்தப் புத்தகங்களில் ஒரு ரகம் உண்டு. எந்தப் படைப்பிரிவு எந்தத் தேதியில் எந்தத் தளத்திலிருந்து எந்தத் தளத்துக்கு மாறிற்று, எத்தனை விமானங்கள் கிளம்பின, எத்தனை திரும்பின, எத்தனை டன் குண்டு விழுந்தது என்று ரயில்வே அட்டவணை மாதிரி எழுதிக்கொண்டே போகும். இவற்றை விழுந்து விழுந்து படிக்கிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். "உங்கள் கதைகளைப் போலவா? இதெல்லாம் கலப்படமில்லாத உண்மை" என்று என்னிடமே சொல்லுகிறார்கள்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். அந்த உரிமையில் சொல்லுகிறேன்: விமானம் ஏறுகிற இடத்தில் தொடங்கி, இறங்குகிற இடத்தில் முடிகிற எந்தக் குண்டுவீச்சுக் கதையும் அரைக் கதைதான். அதை முழுக் கதை என்று விற்றால் அதற்குப் பெயர் கலப்படம்.

நம் மண்ணிலிருந்தே கிளம்பிய ஒரு படையை எடுத்துக்கொள்வோம். 1944-இல் அமெரிக்காவின் இருபதாவது குண்டுவீச்சுப் படை, பி-29 என்ற ராட்சத விமானங்களோடு வங்காளத்துக் கரக்பூரில் வந்து இறங்கியது. சுற்றிலும் சாக்குலியா, பியார்டோபா, தூத்குண்டி என்று தளங்கள். தலைமை அலுவலகம் எது தெரியுமா? ஹிஜ்லி சிறை. 1931-இல் இரண்டு அரசியல் கைதிகளை வெள்ளைக்காரப் போலீஸ் சுட்டுக் கொன்றதே, தாகூர் கொதித்து எழுந்தாரே, அதே கட்டிடம். சுற்றியிருந்த மித்னாபூர் ஜில்லாவோ 1942 அக்டோபரில் புயலிலும் மறு வருஷம் பஞ்சத்திலும் செத்துப் பிழைத்த பூமி. அந்தப் பஞ்சத்தில் வங்காளம் சுமார் முப்பது லட்சம் உயிர்களைப் பறிகொடுத்தது. தானியம் கொண்டுவரக் கப்பல் கேட்டபோது லண்டன் பெரும்பாலும் கையை விரித்தது. விமானங்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரக் கப்பல் கிடைத்தது.

அந்தப் பெட்ரோலை இமயத்துக்கு அப்பால் சீனாவின் செங்டு வரை சுமந்து சேர்த்தால்தான் ஜப்பானை எட்ட முடியும். ஒரு விமானம் ஒரு தடவை குண்டு போட்டுத் திரும்புவதற்குச் சுமார் ஆறு நடை மலை தாண்ட வேண்டியிருந்தது. செங்டுவின் ஓடுதளங்களை லட்சக்கணக்கான சீனக் குடியானவர்கள் கையால் கல் உடைத்து, உருளையை மனித பலத்தால் இழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

இவ்வளவுக்கும் பலன் என்ன? 1944 ஜூன் 5-இல் 98 விமானங்கள் பாங்காக் ரயில்வே பட்டறைகளை நோக்கிக் கிளம்பின. இலக்கில் விழுந்த குண்டுகள் இருபதைத் தொடவில்லை. பத்து நாள் கழித்து யவாட்டா இரும்பு ஆலை மீது படையெடுப்பு. ஆலையில் விழுந்தது ஒரே ஒரு குண்டு! அந்த வருஷ முடிவில் பசிபிக் கடலின் மரியானா தீவுகளிலிருந்து இன்னொரு படை கிளம்பிற்று. நவம்பர் 24-இல் டோக்கியோவை அடுத்த முசாஷினோ விமான எஞ்சின் தொழிற்சாலைக்குப் புறப்பட்டவை 111. அதன் மேல் குண்டு போட்டவை 24 தான். மேலே பேய்க் காற்று, கீழே மேகம்.

இந்த இடத்தில்தான், வாசகர்களே, அட்டவணைக்காரர்கள் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். நாம் நிற்போம்.

குறி பார்த்து அடிக்கத் தெரியாத ஒருவன், தவறிப்போகவே முடியாத அளவுக்குக் குறியைப் பெரிதாக்கிக்கொண்டால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. தொழிற்சாலையை அடிக்க முடியவில்லை. ஆகவே ஊரை அடித்தார்கள். 1944 டிசம்பர் 18-இல் கர்ட்டிஸ் லெமே என்ற தளபதியின் கீழ் 84 விமானங்கள், ஜப்பானியர் பிடியிலிருந்த ஹாங்கோ நகரத்தில் தீக்குண்டுகளைக் கொட்டின. ஹாங்கோ சீனத்து ஊர், நேச நாட்டு ஊர்! எரிந்தது, திருப்தியாக எரிந்தது. ஜனவரியில் லெமே மரியானாவுக்கு மாற்றப்பட்டார். வசந்தத்தில் கரக்பூர் விமானங்களும் அங்குள்ள டினியன் தீவுக்குப் போய்ச் சேர்ந்தன. புத்தகத்தில் இது 'இடமாற்றம்'.

1945 மார்ச் 9 இரவு 334 விமானங்கள் கிளம்பின. துப்பாக்கிகளைக் கழற்றி எடை குறைத்து, தாழப் பறந்து, சுமார் 1,665 டன் தீக்குண்டுகளை டோக்கியோவின் அசாகுசா, ஹோன்ஜோ, ஃபுகாகவா வட்டாரங்களில் கொட்டின. மர வீடுகளில் உழைப்பாளிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. பலத்த காற்று. தீயை அணைக்காமல் ஓடுவது ஜப்பானியச் சட்டப்படி குற்றம் என்பதால், ஜனங்கள் வாளித் தண்ணீரோடு நின்றார்கள்; நின்றவர்கள் எரிந்தார்கள். கால்வாயில் குதித்தவர்கள் வெந்தார்கள். விடிவதற்குள் சுமார் லட்சம் பேர் மாண்டார்கள். பத்து லட்சத்துக்கு மேல் வீடிழந்தார்கள். மனிதச் சதை கருகும் வாடை விமானத்துக்குள்ளேயே ஏறிற்று என்று அதில் போனவர்களே பின்னால் சொன்னார்கள். அவர்களும் வாலிபர்கள், அன்றிரவு 14 விமானங்கள் திரும்பவில்லை. அந்தத் தாய்மார்களின் கண்ணீரையும் நான் குறைத்துப் பேசவில்லை.

புத்தகம் என்ன சொல்லுகிறது? 'வெற்றி, ஏறத்தாழ பதினாறு சதுர மைல்.' ஐயா, சதுர மைல் என்பது நிலம் அளக்கிற கணக்கு. மனிதர்களை அதில் அளப்பது எந்தத் தர்மம்?

"நாங்கிங்கில் ஜப்பான் செய்தது என்ன? சுங்கிங் நகரத்தில் வருஷக்கணக்காகக் குண்டு போட்டது யார்?" என்பார்கள். ஜப்பான்தான், அந்தப் பாவத்துக்கு நான் வக்கீல் இல்லை. ஆனால் ஜப்பான் செய்தது பாவம் என்று தீர்ப்புச் சொன்ன நியாயம் எதுவோ, அதே நியாயம் டோக்கியோவின் வானத்துக்கும் உண்டா, இல்லையா? 1939 செப்டம்பர் 1-இல், பொதுமக்கள் மீதும் காவலற்ற ஊர்கள் மீதும் குண்டு போடாதீர்கள் என்று உலகத்துக்கு வேண்டுகோள் விடுத்தவர் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட். ஆறு வருஷம்கூட நிற்கவில்லை அந்த வார்த்தை.

"வீட்டுக்கு வீடு பட்டறை இருந்தது, எல்லாரும் யுத்தத்துக்கு உழைத்தார்கள்" என்பார்கள். திண்ணையில் ஒரு கடைசல் இயந்திரம் இருந்தால், உள்ளே தூங்குகிற பாட்டியும் சிப்பாய் ஆகிவிடுவாளா? அந்தப் பட்டறைகள் அதற்கு முந்தின வருஷமும் இருந்தவைதாமே? தொழிற்சாலை மீது குறி தப்பிய பிறகுதான் அவை கண்ணில் பட்டன என்றால், அது காரணம் அல்ல, சாக்கு.

"யுத்தம் சீக்கிரம் முடிந்தது" என்பார்கள். டோக்கியோ எரிந்தது மார்ச்சில். ஜப்பான் பணிந்தது ஆகஸ்டில். நடுவில் அறுபதுக்கு மேற்பட்ட ஊர்கள் எரிந்தன. கடைசியில் அணுகுண்டு விழுந்ததும் தொழிற்சாலை மீதல்ல, ஊர் மீதுதான். எது எதை முடித்தது என்று சரித்திரக்காரர்கள் இன்னும் வாதாடட்டும். எனக்குத் தெரிந்தது ஒன்று: பலன் கிடைத்துவிட்டால் எதுவும் தகும் என்ற கணக்குக்கு முடிவே கிடையாது. அடுத்த யுத்தக்காரனும் அதே கணக்கைத்தான் காட்டுவான், காட்டியிருக்கிறான்.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. எந்த நாவலாசிரியனும் இப்படி எழுதத் துணியமாட்டான். 1964 டிசம்பரில் ஜப்பானிய சர்க்கார், தன் விமானப் படையை வளர்க்க உதவியதற்காக, அதே லெமேக்கு உதய சூரிய விருது கொடுத்துக் கௌரவித்தது! அன்றிரவு தப்பிப் பிழைத்தவர்கள் 2007-இல் அதே சர்க்காரிடம் நஷ்டஈடு கேட்டு நீதிமன்றம் போனார்கள். சிப்பாய்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவித்தொகை உண்டு. குண்டில் வெந்த ஜனங்களுக்கு? 2013-இல் உச்ச நீதிமன்றமும் வழக்கைத் தள்ளிவிட்டது. குண்டு போட்டவனுக்குப் பதக்கம், பட்டவளுக்கு ஒன்றுமில்லை. இரண்டு சர்க்கார்களும் ஒரே அட்டவணையைத்தான் படித்திருக்கின்றன.

படைப்பிரிவுகளின் பயணக் கணக்கை எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதுங்கள், தேதி தவறாமல் எழுதுங்கள். ஆனால் விமானம் கிளம்பிய ஊரின் பெயருக்குப் பக்கத்தில் எரிந்த தெருவின் பெயரையும் எழுதுங்கள். அதற்குக் கை வரவில்லை என்றால், உங்கள் புத்தகத்தை உண்மை என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வராதீர்கள். பொய் எழுதுகிறவன் என்ற பட்டத்தை என்னிடமே விட்டுவிடுங்கள். என் பொய்களில் செத்தவர்களுக்காவது பெயர் இருக்கிறது.