பிரேக் இல்லாத வண்டி

ரயில் எஞ்சின் ஒன்றைத் தண்டவாளத்திலிருந்து இறக்கிக் காட்டுக்குள் ஓட்டிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெயின் மாநிலத்தில் ஒருவர் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார். அவர் பெயர் ஆல்வின் லொம்பார்டு.

அந்தப் பக்கத்தில் மரம் இழுக்கும் வேலை கடுங்குளிரில்தான் நடக்கும். சேறும் சதுப்பும் உறைந்து கல்லாகிவிடும் அல்லவா? அது போதாதென்று இரவில் பாதையெல்லாம் தண்ணீர் தெளித்து, பனிக்கட்டியாக இறுக வைப்பார்கள். சக்கரமில்லாத சறுக்கு வண்டிகளில் மரங்களை ஏற்றிக் குதிரைகளைப் பூட்டுவார்கள். மேட்டில் ஏறும்போது குதிரைகளுக்கு வாயில் நுரை தள்ளும். ஆனால் ஆபத்து இருந்தது இறக்கத்தில்தான். பாரம் பின்னாலிருந்து உந்தித் தள்ள, குதிரைகள் தாங்கள் இழுத்து வந்த மரத்தின் அடியிலேயே நசுங்கிச் செத்தது உண்டு. பாவம், வாயில்லா ஜீவன்கள்!

லொம்பார்டு 1901-ஆம் ஆண்டில் ஒரு யந்திரத்துக்குப் பேடண்ட் பெற்றார். பார்வைக்கு அசல் ரயில் எஞ்சின்தான்: கொதிகலன், புகைபோக்கி எல்லாம் உண்டு. ஆனால் பின்புறம் சக்கரங்களுக்குப் பதில் அகலமான இரும்புச் சங்கிலிப் பட்டைகள்; முன்புறம் சறுக்குக் கட்டைகள். கடற்கரை மணலில் குதி உயர்ந்த செருப்போடு நடந்து பார்த்த சகோதரிகளுக்கு இதன் சூட்சுமத்தை நான் விளக்க வேண்டியதில்லை. கூரான குதி புதையும். தட்டையான செருப்புப் புதையாது. பாரம் பரவி நின்றால் பூமி தாங்கும். சங்கிலிப் பட்டையை வியாபார ரீதியில் வெற்றியாக்கிக் காட்டிய முதல் வண்டி இதுதான். பிற்பாடு டிராக்டரும் புல்டோசரும் யுத்த டாங்கியும் இதே தத்துவத்தில்தான் உருண்டன.

வண்டிக்கு நாலு பேர். மூன்று பேரை விட்டுவிடலாம். நாலாமவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கொதிகலனுக்கு முன்னால், வண்டியின் மூக்கு நுனியில், ஒரு திறந்த ஆசனம். அதில் உட்கார்ந்து ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்புவது அவர் வேலை. முகத்தில் பனிக்காற்று, முதுகில் கொதிகலன் சூடு, தலையில் புகைபோக்கியின் தீப்பொறி. இந்த மூன்றையும் ஒருவர் ஒரே சமயத்தில் அனுபவிக்கலாம் என்பது எனக்கு இதுவரை தெரியாது.

இதை விடப் பெரிய சங்கதி, வண்டிக்குப் பிரேக் கிடையாது! சமதரையில் மணிக்குச் சுமார் ஐந்து மைல் வேகம், அதனால் பாதகமில்லை. சரிவு வந்தால்? பாதையில் வைக்கோலைப் பரப்பி வைப்பார்கள், வேகம் மட்டுப்பட. வைக்கோல் காலை வாரிவிட்டால் அவருக்கு எதிரே மரம், பின்னே கொதிகலன், அதற்கும் பின்னே மரக்கட்டை மலை.

இதை வீட்டில் சொன்னேன்.

"ஏங்க, அந்த மனுஷனுக்குப் பெண்டாட்டி இல்லையா? போகாதேன்னு சொல்ல மாட்டாளா?" என்றாள் என் மனைவி.

இருந்திருப்பாள். கூலியும் வேண்டியிருந்திருக்கும்.

1917 வரையில் இப்படி 83 நீராவி வண்டிகள் செய்தார்கள். அப்புறம் பெட்ரோல் வண்டிகள் வந்தன. லொம்பார்டே அவற்றையும் செய்தார்.

கதை அதோடு முடியவில்லை. பாரமான யந்திரங்கள் மண்ணை இறுக்கி வேர்களை நசுக்குகின்றன என்ற கவலை பிற்பாடு வந்தது. 1990-களில் பின்லாந்துக்காரர்கள் சக்கரமும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாமென்று ஆறு கால் யந்திரம் ஒன்றைச் செய்தார்கள். பெரிய பூச்சி மாதிரி முன்னே, பின்னே, பக்கவாட்டில் எல்லாம் நடக்கும். ஒவ்வொரு காலும் தரையை உணர்ந்து மிதிக்கும். குதிரையின் காலை விட்டுப் புறப்பட்டவர்கள் சுற்றிவளைத்துக் காலுக்கே வந்துவிட்டார்கள்! ஆனால் அது மாதிரியோடு நின்றுபோயிற்று, கடைக்கு வரவில்லை. இன்று வடதேசக் காடுகளில் வேலை செய்பவை பெரும்பாலும் இடுப்பு வளையும் எட்டுச் சக்கர வண்டிகள். சரிவிலும் சாயாத அறை, உள்ளே கதகதப்பு. ஓட்டுகிறவர் சட்டை கசங்காமல் வீடு திரும்பலாம்.

மெயினில் பிராட்லி என்ற ஊரின் மியூசியத்தில் பழைய லொம்பார்டு ஒன்று இருக்கிறது. கல்லூரி மாணவர்களின் உதவியோடு பழுது பார்த்து, நீராவி ஏற்றி மறுபடி ஓட வைத்திருக்கிறார்கள். மூக்கு நுனியிலுள்ள ஆசனத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை.