யாரிடம் கற்றாள்?

கேரக்டர் ஷீட்டில் பெரும்பாலும் கடைசியாக நிரம்புவது மொழிகளுக்கான இடம்தான். எந்த மந்திரத்தை எடுப்பது என்று ஒரு மாலை முழுக்க யோசிப்பவர்கள்கூட, 'டிராகனிக், இன்ஃபெர்னல்' என்று அரை நிமிடத்தில் எழுதிவிட்டுப் பகடையைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். விதிகளும் தாராளமாகத்தான் இருக்கின்றன. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் 'சேஜ்' பின்னணியைத் தேர்ந்தெடுத்தாலே விரும்பிய இரு மொழிகள் கிடைத்துவிடும். ஆட்டம் தொடங்கிய பிறகு புதிதாக ஒன்றைக் கற்கவோ அதே புத்தகம் 250 நாட்களும் நாளுக்கு ஒரு பொற்காசும் கேட்கிறது. அப்படியானால் ஷீட்டில் ஏற்கெனவே இருக்கும் மொழிக்கும் அத்தனை நாட்கள் எங்கோ, யாருடனோ கழிந்திருக்க வேண்டும். அதை ஆட்டக்காரர் சொல்லியாக வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

அதற்கு மூன்று பக்கப் பின்கதை வேண்டாம். யாரிடம் கற்றாள் என்ற ஒரே கேள்வி போதும். கோப்ளின் மொழி தெரிந்த ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். அவள் ட்வார்ஃப்களின் சுரங்கத்தில் எழுத்தராக இருந்தவள். பிடிபட்ட கோப்ளின்களின் வாக்குமூலங்களைப் பதிந்து பதிந்தே மொழி பிடிபட்டது. கோப்ளின் மொழி ட்வார்விஷ் எழுத்தில்தான் எழுதப்படுகிறது என்பதால் குகைச் சுவரில் கிறுக்கியிருப்பதைத் தடங்கலின்றி வாசித்துவிடுவாள். ஆனால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் திருட்டும் தண்டனையும் சார்ந்த சொற்கள். ஒரு தாலாட்டு காதில் விழுந்தால் திணறுவாள். அதே மொழியைச் சமையல்கட்டில் ஒரு கோப்ளின் பணிப்பெண்ணிடம் கற்றவளோ சரளமாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டத் தெரியாது. தெரிந்த மொழியில் பேசவும் படிக்கவும் எழுதவும் வரும் என்பதுதான் விதி. ஆட்டக்காரர் மனமொப்பினால் மட்டும் அதைத் தளர்த்துங்கள்.

'கால் ஆஃப் கதுல்ஹு' ஆடுபவர்களுக்கு இது புதிதல்ல. அதில் மொழி சதவீதக் கணக்கில் வரும் திறன். பிறமொழி ஒவ்வொன்றும் 1 சதவீதத்தில் தொடங்கும். 1920களின் லண்டனில் ஒரு புலனாய்வாளர் அரபிக்கு 40 வைத்திருந்தால், போரின்போது எகிப்தில் பணியாற்றினாரா, பழஞ்சுவடி வாங்கி விற்றாரா என்று கேட்கத் தோன்றும். முன்னவர் கெய்ரோ சந்தையில் பேரம் பேசுவார். பின்னவருக்குச் சுவடியின் ஓரக்குறிப்பு புரியும்.

கேள்வி குறுக்கு விசாரணையாக மாறிவிடக் கூடாது. புதிதாக மேசைக்கு வந்தவரை மடக்கினால் அவர் மறுவாரம் வரமாட்டார். பதில் தோன்றாவிட்டால் மொழியின் இடத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள்; ஆட்டத்தின் நடுவே தேவை வரும்போது மொழியையும் ஆசானையும் அவரே சேர்த்துச் சொல்லட்டும்.

கேட்டுவிட்டு மறக்கும் கேம் மாஸ்டர்தான் எங்களை அதிகம் வருத்துகிறார். அந்தச் சுரங்க எழுத்தர் பதிந்த வாக்குமூலத்தால் தண்டனை பெற்றவன் மூன்றாவது அமர்வுக்குள் எதிரே வந்து நிற்க வேண்டும். அவனுக்குக் 'காமன்' என்ற பொது மொழியில் ஒரு சொல்லும் தெரியக் கூடாது.