வாக்கால் வந்த ஆசனமும் தயவால் வந்த ஆசனமும்

ஒக்டோபர் 30 மலையகத்துக்கு இரண்டு வகையில் நினைவு நாள். 1964ஆம் ஆண்டு அந்த நாளில்தான் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் புதுடில்லியில் கையெழுத்திட்டு எம்மவரைப் பங்கு பிரித்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். சரியாக முப்பத்தைந்து வருடம் கழித்து, 1999இல் அதே நாளில், சௌமியமூர்த்தி தொண்டமான் காலமானார்.

ஆண்டுதோறும் இந்த நாளில் தோட்டங்களில் அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். போடட்டும். எமது சங்கம் அவருடைய சங்கமல்ல. பல விடயங்களில் அவரோடு முரண்பட்டு நின்றவர்கள் நாம். ஆனாலும் மாலையோடும் மேடைப் பேச்சோடும் விட்டுவிடாமல், அவர் பாராளுமன்றத்துக்கு எப்படி எப்படிப் போனார் என்ற கணக்கை எமது அங்கத்தவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று விரும்புகிறோம். அந்தக் கணக்கில் மாத்தளைத் தொழிலாளிக்கு மிகவும் தேவையான ஒரு பாடம் இருக்கிறது.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் போட்டியிட்டது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் கே. ராஜலிங்கம், கொட்டகலையில் கே. குமாரவேலு என்று தோட்டத் தொழிலாளியின் வாக்கில் வென்று பாராளுமன்றம் போனார்கள். வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்கள் வெல்வதற்கும் தோட்டத்து வாக்கு கைகொடுத்தது. கொழுந்து பறிக்கிறவளும் கவ்வாத்து வெட்டுகிறவனும் போட்ட புள்ளடி அரசாங்கத்தையே யோசிக்க வைத்தது. அது பலருக்குப் பொறுக்கவில்லை.

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும், அதே வருடத்தில் தேர்தல் சட்டத் திருத்தமும் வந்தன. மூன்று சட்டங்களில் வேலை முடிந்தது. 1952 தேர்தல் வந்தபோது தோட்டங்களில் வாக்காளர் இடாப்பு வெறுமையாகக் கிடந்தது. தொண்டமானும் மற்றவர்களும் அந்த ஏப்ரலில் கொழும்பில் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள், மாதக்கணக்கில் நடந்தது. ஆனால் இடாப்பில் இல்லாத பெயரைச் சத்தியாக்கிரகம் கொண்டுவந்து சேர்க்கவில்லை. தலைவர் இருந்தார், சங்கம் இருந்தது, சந்தா கட்டும் இலட்சக்கணக்கான தொழிலாளர் இருந்தார்கள். வாக்கு மட்டும் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டும். 1947இல் மக்கள் வாக்கில் வென்ற தொண்டமான் அடுத்ததாக மக்கள் வாக்கில் வென்றது 1977இல்தான். இடையில் முப்பது வருடம். அதில் ஒரு பத்து வருடம் அவர் பாராளுமன்றத்தில் இருந்தார், மறுக்கவில்லை. 1960இல் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி அரசு அவரை நியமன அங்கத்தவராக்கியது. 1965இல் டட்லி சேனாநாயக்கவின் அரசும் அப்படியே செய்தது. 1970இல் அந்த நியமனம் போட்டிச் சங்கத் தலைவரான அஸீஸுக்குப் போனது. தொண்டமான் வெளியே நின்றார். கொடுக்கிறவர் கை மாறினால் கதிரையும் மாறும். அவ்வளவுதான் நியமனம்.

அந்த ஆசனத்துக்கு இருந்த பெறுமதியைத் தெரிந்துகொள்ள மறுபடியும் 1964க்குப் போக வேண்டும். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது தொண்டமான் எதிர்க்கட்சியில் இருக்கவில்லை. ஒப்பந்தம் செய்த அதே அரசாங்கம் நியமித்த உறுப்பினராக இருந்தார். ஆடுமாடு பங்கு வைப்பதுபோல் அவருடைய மக்களைப் பங்கு வைத்தார்கள். அந்த மக்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அவருடைய எதிர்ப்பால் ஒரு எண்ணிக்கைகூடக் குறையவில்லை. டிசம்பர் 3ஆம் திகதி சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பில் அந்த அரசைக் காப்பாற்ற அவர் வாக்களிக்கவில்லை. அரசு ஒரே ஒரு வாக்கால் விழுந்தது. அது மனதுக்கு ஆறுதலாக இருந்திருக்கலாம். ஆனால் அரசுதான் விழுந்தது, ஒப்பந்தம் விழவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்கள் ஏறிக்கொண்டேதான் இருந்தார்கள். மாத்தளைத் தோட்டங்களிலும் அண்ணன் அக்கரையில், தங்கை இக்கரையில் என்று பிரிந்துபோன குடும்பங்கள் எத்தனை என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1970க்குப் பின் வந்த ஏழு வருடம் அதைவிடக் கொடுமை. காணிச் சீர்திருத்தம் என்று தோட்டங்கள் கைமாறின. வேலை நாள் குறைந்தது, அரிசியும் மாவும் கிடைக்கவில்லை, பட்டினிச் சாவுகள் நடந்தன. 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லட்சுமணன் பொலிஸ் சூட்டில் உயிரிழந்தார். வாக்கில்லாத சனத்தின் உயிருக்கு என்ன விலை இருந்தது என்பதை அந்த ஏழு வருடம் காட்டியது.

அதே ஆண்டு ஜூலையில் தேர்தல். நுவரெலியா மஸ்கெலியா என்று மூன்று உறுப்பினர் தொகுதி ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்கு. காமினி திசாநாயக்க முதலாவது, அநுர பண்டாரநாயக்க இரண்டாவது, தொண்டமான் மூன்றாவது. இதை வீரக் கதையாக மட்டும் சொல்கிறவர்கள் ஒரு விடயத்தை விட்டுவிடுகிறார்கள். அது ஒரே ஒருவரைத் தெரியும் சாதாரணத் தொகுதியாக இருந்திருந்தால் அவர் தோற்றிருப்பார். பிரஜாவுரிமை கிடைத்திருந்த கொஞ்சப் பேரின் வாக்கு சிதறாமல் ஒரு பக்கம் குவிந்ததும், தொகுதியை அமைத்த முறை அதற்கு இடம்கொடுத்ததும் சேர்ந்துதான் அவரை வெல்லவைத்தன. உறுதியும் வேண்டும், முறையும் வேண்டும். ஒன்றிருந்து மற்றது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எமது மாவட்டமே சாட்சி. அதற்குப் பிறகு வருவோம்.

வாக்கால் வென்ற ஆசனம் வந்ததும் பேரம் பேசும் பலமும் வந்தது. 1978இல் அமைச்சரானார். சாகும்வரை நான்கு ஜனாதிபதிகளின் கீழ் அமைச்சராக இருந்தார். அமைச்சராக இருந்துகொண்டே 1984இல் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் அந்தப் போராட்டத்தோடுதான் வந்தது. அதற்கு முன்பு ஒரே வயலில், ஒரே மழையில் நின்ற பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் கொடுப்பது சட்டப்படியே நடந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 1986 ஜனவரியில் பிரார்த்தனைப் போராட்டம். அந்த வருடமே நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது. 1988இல் இன்னொரு சட்டம் வந்து, சத்தியக் கடதாசியோடு காரியம் முடியும்படி செய்தது. 1948இல் பறித்ததைத் திரும்ப வாங்க நாற்பது வருடம் பிடித்தது.

எமக்குக் குறையில்லையா? உண்டு. 1983 ஜூலையில் மாத்தளை நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன, முத்துமாரியம்மன் கோவிலும் தப்பவில்லை. அந்த அரசாங்கத்தில் அமைச்சராகவே அவர் தொடர்ந்தார். உள்ளே இருந்தபடியால்தான் 1986 சட்டம் கிடைத்தது என்பார்கள் அவரது சங்கத்தார். அதில் உண்மை இல்லை என்று நாம் சொல்லவில்லை, ஆனால் வெந்த கடைக்காரனுக்கு அந்தப் பதில் போதாது. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளுக்குப் போனபோதும் அவர் அமைச்சர்தான். தலைமை மகனுக்கும் பேரனுக்கும் போவது பரம்பரைச் சொத்துப்போல் ஆனதையும் எம்மால் ஏற்க முடியவில்லை. தொழிலாளியின் சந்தாவில் வளர்ந்த சங்கத்துக்குத் தலைவரைத் தொழிலாளிதான் தெரிவுசெய்ய வேண்டும்.

இனி எமது மாவட்டத்துக்கு வருவோம்.

தலைமன்னாரில் இறங்கிய எமது முன்னோர், காடு வழியே தம்புள்ளை, நாலந்தை என்று நடந்து முதலில் வந்து சேர்ந்த மலைநாட்டு ஊர் மாத்தளை. 2023இல் மலையகம் 200 நடைபயணம் தலைமன்னாரில் தொடங்கி மாத்தளையில் முடிந்ததும் அதனால்தான். முதலில் வந்த ஊர் இது. ஆனால் பிரதிநிதித்துவத்தில் கடைசி ஊரும் இதுதான். மாத்தளை மாவட்டத்துக்கு ஐந்து பாராளுமன்ற ஆசனங்கள். 2024 நவம்பர் தேர்தலில் அந்த ஐந்தில் ஒன்றுகூட மலையகத் தமிழர் ஒருவருக்குக் கிடைக்கவில்லை. அதே தேர்தலில் நுவரெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் மலையகப் பெண்கள் பாராளுமன்றம் போனார்கள். அதைக் கண்டு மகிழ்ந்தோம். கூடவே எமது மாவட்டத்தை நினைத்து மனம் வலித்தது.

காரணம் ஒன்றும் மர்மமல்ல. மாவட்ட சனத்தொகையில் மலையகத் தமிழர் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேர். இறத்தோட்டை, உக்குவளை, எல்கடுவ, கம்மடுவ, யட்டவத்தை என்று சிதறிக் கிடக்கிறோம். இந்த எண்ணிக்கையை வைத்துத் தனியே நின்று ஒரு பாராளுமன்ற ஆசனம் எடுப்பது இலேசில்லை. ஆகவே பெரிய கட்சிகள் எமது வாக்கைக் கேட்டு வருகின்றன, சங்கங்களும் வாங்கிக் கொடுக்கின்றன. பதிலுக்கு வேறு மாவட்டத்தில் ஓர் இடமோ தேசியப் பட்டியலில் ஒரு பெயரோ பேசி முடிக்கப்படுகிறது. வாக்கு மாத்தளையினுடையது, பலன் மாத்தளைக்கு வெளியே. தேசியப் பட்டியல் என்பதும் ஒருவகை நியமனம்தான். கட்சித் தலைமையின் கையில் இருப்பது, 1970இல் போனதுபோல் எப்போதும் போகலாம்.

பாராளுமன்றம் எட்டாவிட்டாலும் மாகாண சபை எட்டக்கூடியது. அங்கே ஆசனங்கள் கூட, எமது எண்ணிக்கைக்கும் ஓர் இடம் உண்டு. தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியர், வைத்தியசாலைக்கு மருந்து, கிராமத்து வீதி என்று எமது அன்றாடத் தேவை பாதி அந்தச் சபையின் கீழ்தான் வருகிறது. ஆனால் மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். 2018இல் காலம் முடிந்தது. 2017இல் கொண்டுவந்த திருத்தச் சட்டத்தின்படி எல்லை நிர்ணயம் செய்ய வேண்டும் என்றார்கள். அந்த அறிக்கையைப் பாராளுமன்றமே தோற்கடித்தது. அதிலிருந்து ஆளுநரின் ஆட்சி. 1952இல் எமது பெயரை இடாப்பிலிருந்து எடுத்தார்கள். இப்போது பெயர் இடாப்பில் இருக்கிறது, தேர்தல்தான் இல்லை. தேர்தலை உடனே நடத்த வேண்டும் என்பது எமது சங்கத்தின் கோரிக்கை. எல்லை நிர்ணயத்தோடுதான் நடத்துவது என்றால், சிதறி வாழும் சமூகத்துக்கு 1977இல் செய்ததுபோல் பல உறுப்பினர் தொகுதி வேண்டும் என்பதும் எமது கோரிக்கை. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இந்த நாட்டுச் சட்டத்தில் ஏற்கனவே இருந்த முறை.

பிரதேச சபைகளையும் சிறிதாக எண்ணக் கூடாது. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தும்வரை தோட்டத்துப் பாதைக்குச் சபைப் பணம் செலவழிப்பதற்குச் சட்டமே குறுக்கே நின்றது. அந்தத் தடை நீங்கிவிட்டது. 2025 மே மாதம் தெரிவான உறுப்பினர்களிடம் எமது கிளைகள் எழுத்தில் கேட்கட்டும், எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று. பதில் எழுத்தில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முதல் வேலை இடாப்பு. லயத்துக்கு வீட்டு இலக்கம் இல்லை என்று பெயர் விடுபடுவது இன்னும் நடக்கிறது. கலியாணம் கட்டி வேறு தோட்டத்துக்குப் போன பிள்ளையின் பெயர் இரண்டு இடத்திலும் இல்லாமல் போகிறது. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலைசெய்யும் எமது பிள்ளைகள் வாக்களிப்பு நாளில் ஊருக்கு வருவதில்லை. வாக்களிக்கப் போகச் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்க வேண்டும், தூரத்துக்கு ஏற்ப நேரம் கூடும் என்று சட்டம் இருப்பதை முதலாளி சொல்ல மாட்டார், நாம்தான் சொல்ல வேண்டும். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி போட்டபின் மூன்று விருப்பு வாக்கு அளிக்கலாம். அந்த மூன்றையும் வெறுமையாக விட்டுவிட்டு வருகிறவர்கள் எமது தோட்டங்களில் இருக்கிறார்கள். 1977இல் தொண்டமானை மூன்றாவதாகக் கொண்டுவந்தவர்கள் தங்களுக்கிருந்த மூன்று வாக்கின் அருமை தெரிந்தவர்கள்.

ஆகவே கிளைத் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிமாருக்கும் ஒரு வேலை தருகிறோம். உங்கள் தோட்டத்து இடாப்புப் பிரதியைக் கிராம அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். லயம் லயமாகப் போய், பதினெட்டு வயது நிரம்பியும் பெயர் இல்லாதவர், இடம் மாறிப் போனவர், இறந்தும் பெயர் நீங்காதவர் என்று மூன்று பட்டியலாக எழுதுங்கள். தேசிய அடையாள அட்டை இல்லாதவர்களைத் தனியே குறியுங்கள். அடுத்த மாவட்டக் குழுக் கூட்டத்துக்கு வரும்போது சந்தாப் புத்தகத்தோடு அந்தப் பட்டியலும் கையில் இருக்கட்டும்.